செரோக்கி வெளியேற்றம்: சரியான தமிழ்ச் சொற்கள் வேண்டும்

வணக்கம். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை 1838-39இல் ஜார்ஜியா, டென்னசி பகுதிகளிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது பற்றி மாணவர்களுக்கான கட்டுரை ஒன்று தயாராகிறது. சில சொற்களில் உங்கள் உதவி தேவை.

1830 மே 28 அன்று அமெரிக்க அதிபர் ஜாக்சன் கையெழுத்திட்ட 'Indian Removal Act' சட்டத்தை 'இடப்பெயர்வுச் சட்டம்' என்றால் அவர்களாகவே கிளம்பிப் போனதுபோல் ஆகிவிடும். படையினர் வீடுவீடாகப் போய்த் துப்பாக்கிமுனையில் பிடித்து முகாமில் அடைத்தார்கள். இறந்தவர் சுமார் 4,000 என்பது பரவலான கணக்கு. 'வெளியேற்றம்' போதுமா? ('செவ்விந்தியர்' நிச்சயம் வேண்டாம். கொலம்பஸின் தவறும் தோல்நிறமும் ஒரே சொல்லில்.)

பெரிய சிக்கல் வேறு. 1835 கணக்கெடுப்பில் செரோக்கியர் 16,542 பேர்; அவர்களிடம் கறுப்பின அடிமைகள் 1,592 பேர். அந்தப் பாதையில் அடிமைகளும் நடந்தார்கள். சுருக்கி எழுதும்போது முதலில் விடுபடுவது இந்த வரிதான், விடக்கூடாது. அமெரிக்க அரசோடு செய்த 1866 ஒப்பந்தம் விடுதலையான கறுப்பினத்தவருக்குச் செரோக்கியருக்குரிய எல்லா உரிமைகளையும் கொடுத்தது. பின்னால் அமெரிக்க அரசு எடுத்த பழங்குடி உறுப்பினர் பதிவான டாஸ் பட்டியலோ அவர்களைத் தனி ஏட்டில் எழுதியது. செரோக்கி ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 1/4, 1/2 என்று 'இரத்த அளவு' (செரோக்கி வம்சாவளியின் பங்கு) இருக்கும்; கறுப்பினத்தவரின் ஏட்டில் அந்தப் பத்தியே கிடையாது. செரோக்கிப் பாட்டி இருந்தவர்கூட இதில் வெறும் 'ஃப்ரீட்மேன்' (அடிமைநிலையிலிருந்து விடுபட்டவரும் அவர் பிள்ளைகளும்) ஆனார்.

இந்த 'ஃப்ரீட்மேன்' என்பதற்கு 'விடுதலை பெற்றவர்' என்று போட்டால் சிறையிலிருந்து வந்தவர் என்று படிக்கிறார்கள். 'முன்னாள் அடிமை' என்றால், விடுதலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. நல்ல சொல் இருந்தால், ஒரு மாதிரி வாக்கியத்தோடு சொல்லுங்கள்.