பிளாக்பெர்ரி கர்வ் 8520க்கு ஒரு பேட்டரி வேணுங்க

வணக்கம்ங்க, திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். சித்தப்பாவின் பழைய பிளாக்பெர்ரி கர்வ் 8520 டிராயரில் கிடைத்தது. பல வருஷம் சும்மா கிடந்ததில் பேட்டரி செத்துவிட்டது. சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் கையிலெல்லாம் இந்த போன்தான். ராத்திரி இதே விளக்கு மின்னினால் வெளிநாட்டு பையர் மெயில் வந்திருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பா சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார். கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்தே போயிருக்கிறது. காந்திபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைப் பையன், "இது கால்குலேட்டருங்களாண்ணா?" என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2016லேயே பிளாக்பெர்ரி கம்பெனி சொந்தமாக போன் தயாரிப்பதை நிறுத்திவிட்டது, பழைய மாடல்களுக்கான சேவையும் 2022 ஜனவரி 4ஆம் தேதியோடு முடிந்தது.

எனக்குப் பேச வேண்டாம். நூல் ரகம், சாயக் கணக்கு எல்லாம் அதில் மெமோவாக இருக்கிறது, சிம்மில் ஏறாத நம்பர்களும் கிடக்கின்றன. போன் ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தால் போதும், எழுதி எடுத்துக்கொள்வேன்.

பேட்டரி மாடல் சி-எஸ்2. கர்வ் 9300க்கும் இதேதான். வேலை செய்கிற பேட்டரி யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் கொடுங்க, ஈரோடு, கோபி, பொள்ளாச்சி எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். உப்பிப்போனது மட்டும் வேண்டாங்க.