மறு: மனைவியைச் சுவரில் வைத்துக் கட்டும் கதைக்கு என்ன பெயர்?

வணக்கம்.

கட்டும் சுவரோ பாலமோ நிற்பதற்காக ஒரு பெண்ணைப் பலியிடும் நாட்டுப்பாடல்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு 'சுவர்ச்சிறை', 'கால்கோட்பலி', 'கட்டுமானப் பலி' என்ற சொற்கள் வந்திருக்கின்றன. 'சுவர்ச்சிறை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ருமேனியப் பாடல் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். அதில் ஆர்ஜெஷ் மடாலச் சுவர் இடிந்துகொண்டே இருக்க, தலைமைக் கொத்தன் மனோலே விளையாட்டு என்று சொல்லியே மனைவி ஆனாவை உயிரோடு வைத்துக் கட்டிவிடுகிறான். ஹங்கேரியப் பாடலில் தேவா கோட்டையைக் கட்டும் பன்னிரண்டு கொத்தர்கள், முதலில் வரும் மனைவியைப் பலியிடுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். கொத்தர்களில் ஒருவனான கெலமெனின் மனைவி வந்து மாட்டுகிறாள். அவளை எரித்துச் சாம்பலைச் சுண்ணாம்பில் குழைக்கிறார்கள். இதில் சிறை எங்கே?

இந்த இரண்டில் எது மூலம் என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. திரான்சில்வேனியாவில் ஹங்கேரிய மொழி பேசும் செக்லர் மக்களிடம் திரட்டிய பாடல்களை கிரிசா யானோஷ் 1863இல் 'காட்டு ரோஜாக்கள்' என்று வெளியிட்டார். மறு ஆண்டே யூலியன் க்ரோசெஸ்கு என்ற ருமேனியர், அதிலிருந்த கெலமெனின் மனைவி பாட்டு ருமேனியத்திலிருந்து பெயர்த்தது என்று கிளப்பினார். நீதிமன்றமே ஏறாத அந்தப் பத்திரிகைச் சண்டைக்கு 'காட்டு ரோஜா வழக்கு' என்று பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பகுதி டேசியா என்ற உரோம மாகாணமாக இருந்த காலத்திலிருந்தே நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பது ருமேனியர் வாதம். நாங்கள் வந்தபின்தான் நீங்கள் குடியேறினீர்கள் என்பது ஹங்கேரியர் வாதம். இப்படிப்பட்ட மண்ணில் பழைய பாட்டுதான் பட்டா. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் திரியனோன் ஒப்பந்தம் திரான்சில்வேனியாவை ஹங்கேரியிடமிருந்து எடுத்து ருமேனியாவுக்குக் கொடுத்தது, 1940இல் வடபகுதி ஹங்கேரிக்குத் திரும்பியது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மறுபடி ருமேனியாவுக்கே போனது. (ஆர்ஜெஷ் மடாலம் திரான்சில்வேனியாவிலேயே இல்லை, கார்பாத்தியனுக்குத் தெற்கே வலாக்கியாவில் இருக்கிறது. தேவாதான் திரான்சில்வேனியாவில் இருக்கிறது.)

இதே கதை செர்பியர்களிடம் ஸ்கதர் கோட்டையாகவும், கிரேக்கர்களிடம் ஆர்த்தா பாலமாகவும் இருக்கிறது. கன்னடத்தில் 'கெரெகெ ஹார' பாடலில் தண்ணீர் வராத ஏரிக்கு இளைய மருமகள் பாகீரதியைக் கொடுக்கிறார்கள். அங்கே சுவரே கிடையாது. ஆகவே சுவரை வைத்துப் பெயரிட்டால் ஒரு கட்சிக்குச் சாட்சி சொன்னதாகிவிடும்.

'கால்கோட்பலி' அழகான சொல், ஆனால் கால்கோள் என்பது தொடக்கம். இந்தக் கதைகளில் வேலை நடந்து, சுவர் விழுந்தோ தண்ணீர் வராமலோ போன பிறகுதானே பலி? 'கட்டுமானப் பலி' என்றாலோ, செய்தித்தாள் படிப்பவர்கள் சாரம் சரிந்து இறந்த தொழிலாளியைத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை 'கட்டுக்காவு'. புதுப் பாலம் காவு கேட்கிறது என்று ஊரில் பேசுவதைக் கேட்டிருப்போம். கட்டப்படும் பொருளே உயிர் கேட்பதுதான் இந்தக் கதைகளின் உள்ளுறை. 'பலி'யில் அந்தக் கேட்பு இல்லை. கோட்டை, பாலம், ஏரி, மடாலம் எல்லாவற்றுக்கும் பொருந்தும், எரித்தாலும் புதைத்தாலும் சரி. கட்டுக்காவுப் பாடல், கட்டுக்காவுக் கதை என்று கூட்டுச்சொல்லாகவும் நிற்கிறது. 'கட்டுக்கதை'யின் சாயல் அடிக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அடிக்கட்டும், இதுவும் கதைதானே?

'காவு' பேச்சுவழக்கு, அகராதிக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் அதற்கு ஈடாக ஒரு சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.