தொழில் தொடங்க நினைக்கிற மாணவர்களோட நேர்மை: ஆண், பெண் ஒப்பீட்டுக்கு டி-டெஸ்ட் போதுமா?

கேள்வி (வில்லியனூரான்): எம்பிஏ ப்ராஜெக்ட். புதுச்சேரி, கடலூர் கல்லூரிகள்ல சொந்தத் தொழில் ஆசை இருக்கிறவங்கதான் சாம்பிள். ஆண்கள் 60, பெண்கள் 25 தேறும். "லஞ்சம் கொடுப்பது தவறு" மாதிரி 30 வாக்கியம், 5 புள்ளி அளவு. டி-டெஸ்ட் (ரெண்டு குழுவோட சராசரியை ஒப்பிடுற சோதனை) போட்டா போதுமா?

மஞ்சக்குப்பம்: டெஸ்ட் கிடக்கட்டும், கேள்வியை மாத்துங்க. லஞ்சம் தவறான்னு கேட்டா அத்தனை பேரும் 5-ல டிக் அடிச்சிட்டுப் போயிடுவாங்க. ஆறு குட்டிச் சம்பவம் எழுதுங்க: "செல்வி எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்காங்க. பில் வேணாம்னா ஜிஎஸ்டி 18% போடமாட்டேன்னு சொல்றாங்க." செய்றவர் ஆணா பெண்ணாங்கிறது பதிலை மாத்துதான்னு பார்க்க, பாதி ஃபாரத்துல செல்வி, மீதியில செல்வம். வேற ஒரு எழுத்து மாறக் கூடாது. சீட்டு மாதிரி கலைச்சுக் கொடுங்க. அடுத்து ரெண்டு கேள்வி: இது எவ்வளவு சரி? உங்க வகுப்புல 10 பேர்ல எத்தனை பேர் இப்படிச் செய்வாங்க? நிஜம் ரெண்டாவதுலதான் கசியும்.

கணக்குப்புள்ள: 60-க்கு 25 வச்சா, 5% மட்டத்துல (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லிடுற வாய்ப்பு), 80% திறனோட (நிஜமா இருக்கிறதைப் பிடிக்கிற வாய்ப்பு), கோஹன் டி (சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால வகுத்தது) 0.67-க்கு மேல இருக்கிற வித்தியாசம்தான் பிடிபடும். 0.5-ஐப் பிடிக்கவே ஆண்கள் 64, பெண்கள் 64 வேணும். "வித்தியாசம் இல்லை"ன்னு அவசரப்பட்டு எழுதிடாதீங்க. இன்னொண்ணு, 20,000 பேருக்கு மேல சேர்த்துப் பார்த்த 1997 தொகுப்பாய்வுல, வேலை அனுபவம் கூடக் கூட நேர்மையைப் பத்தின பார்வையில ஆண் பெண் இடைவெளி சுருங்குது. வீட்டுக் கடையில எத்தனை மாசம் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு கட்டம் வைங்க.

வில்லியனூரான்: மனைவி பேர்ல லோன் வாங்கிக் கணவர் நடத்துறதை ஒரு சம்பவமா வைக்கலாமா?

மஞ்சக்குப்பம்: வைங்க, ஆனா மொத்த மார்க்கோட கூட்டாதீங்க. பிஎம்இஜிபி-ல (சொந்தத் தொழிலுக்கு மானியத்தோட லோன் கிடைக்கிற மத்திய அரசுத் திட்டம்) நகரத்துல பொதுப்பிரிவு ஆணுக்கு மானியம் 15%, பெண்ணுக்கு 25%. கிராமத்துல 25%, 35%. கையிலிருந்து போட வேண்டிய சொந்தப் பணம் ஆணுக்கு 10%, பெண்ணுக்கு 5%. ஓபிசி, எஸ்சி ஆணுக்கும் பெண்ணுக்குள்ள அளவுதான், அதனால கணவர் பொதுப்பிரிவுன்னு எழுதலைன்னா, விவரம் தெரிஞ்ச பையன் "எதுக்கு மனைவி பேரு?"ன்னு நிப்பான். தவிர, பையன் அதை மானியமா படிக்கலாம். பொண்ணு "கையெழுத்து என்னுது, பேங்க்காரன் என்னைத்தானே தேடுவான்"னு படிக்கலாம். அங்க வர்ற வித்தியாசம் நேர்மையில இல்லை, நஷ்டம் யார் தலையிலங்கிறதுல.

கணக்குப்புள்ள: ஃபாரத்தை ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையில வாங்கச் சொல்லாதீங்க. பூட்டின பெட்டி வைங்க. ரோல் நம்பர் வேணாம், ஊரும் வேணாம். 25 பொண்ணுங்கள்ல நெல்லிக்குப்பம்னு எழுதினாலே யாருன்னு தெரிஞ்சிடும்.