பாடசாலை அதிபர் மாறினார், நான் இடமாற்றப் படிவம் நிரப்புகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்ததா?

வாவிக்கரை டீச்சர்:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ள ஒரு 1சி பாடசாலையில் 9 வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். வீடு கிழக்கே எழுவான்கரையில், தினமும் மண்முனைப் பாலம் தாண்டித்தான் போகிறேன். தூரத்தை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைக்கு (வாவியில் ஆட்களை ஏற்றும் மிதவைக்கு) காத்துநின்று வாவி கடந்த மூத்த டீச்சர்மார் என்னோடு இருந்தார்கள், அவர்கள் சந்தோசமாகத்தான் படிப்பித்தார்கள்.

முந்தின அதிபர் கண்டிப்பானவர். 7.30க்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழும், யாராக இருந்தாலும் சரி. ஆனால் அந்தக் கோட்டுக்கு அரை மணி முந்தியே அவர் கேற்றடியில் நிற்பார். நேரசூசி போட முதல் எல்லாரையும் கூப்பிட்டு யாருக்கு எந்த வகுப்பு என்று கதைப்பார். இப்போது இருப்பவர் மென்மையானவர், ஒருவரையும் ஏசமாட்டார், ஆனால் முடிவெல்லாம் இரவு 10 மணிக்கு வாட்ஸப் குழுவில்தான் வரும். பொதுப் பரீட்சை எழுதும் சாதாரண தர வகுப்பை என்னிடமிருந்து எடுத்து ஆறாம் ஆண்டுப் புவியியலைத் தந்ததும் அப்படித்தான். காரணம் கேட்டேன், "சமாளிங்க டீச்சர்" என்றார். சம்பளம் அதே, பிள்ளைகள் அதே, பாலமும் அதே. காலையில் சேலை உடுத்தும்போதே மனம் களைத்துவிடுகிறது. பிழை என்னிடமா?

கல்முனைக் கணிதம்:
உங்களிடம் இல்லை டீச்சர். எனக்கு வேறு மாதிரி நடந்தது. எங்கள் அதிபர் எதிலும் தலையிடமாட்டார், முதல் மாதம் நல்ல சுதந்திரம் என்று நினைத்தேன், அப்புறம்தான் விளங்கியது, வராதவர்களுடைய பாடவேளை முழுவதும் வந்தவர்களுடைய தலையில். எட்டில் ஏழு பாடவேளை வகுப்பில் நின்ற நாட்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தகப்பன் வந்து சத்தம் போட்ட அன்று, அதிபர் என்னைக் கூப்பிட்டு அந்தத் தகப்பனுக்கு முன்னாலேயே விளக்கம் கேட்டார். அதற்கு முதல் நான் இருந்த பாடசாலையில் அதிபர் பெற்றோரை இருத்தி, முழுக்கக் கேட்டு, அனுப்பிவிட்டுத்தான் எங்களிடம் வருவார். பிழை எங்களுடையது என்றால் கதவைச் சாத்திவிட்டு நன்றாகவே ஏசுவார். அந்த ஏச்சு எனக்கு வலித்ததே இல்லை.

செங்கலடிப் பிள்ளை:
கல்வி முதுமாணி படிக்கிறேன், இது எங்களுடைய பாடமேதான். 1939இல் உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடன் இருந்தவர்களும் பத்து வயதுப் பையன்களின் குழுக்களை வைத்துப் பார்த்தார்கள். அதட்டும் தலைவர் அறையில் நின்றால் வேலை நடந்தது, அவர் வெளியே போனதும் குறைந்தது. கலந்து பேசுகிற தலைவர் போன பிறகும் பையன்கள் வேலையை விடவில்லை. சேர் சொன்ன "தலையிடாத" வகையும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

டீச்சருக்குப் பொருந்துவது உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னது என்று நினைக்கிறேன். சம்பளம், வேலைச்சூழல் குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் அவை சரியாக இருந்தால் மட்டும் திருப்தி வந்துவிடாது. அது வேலையிலிருந்தும், கிடைக்கிற மதிப்பிலிருந்தும், பொறுப்பிலிருந்தும் வருவது. சாதாரண தர வகுப்பை எடுத்தபோது அந்த மூன்றும் ஒன்றாகப் போயிருக்கிறது. ரோனிட் பொக்லர் இஸ்ரேலில் 745 ஆசிரியர்களிடம் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது: அதிபரின் போக்கு ஆசிரியரின் வேலைத் திருப்தியை நேராகவும் தொடுகிறது, ஆசிரியர் தன் தொழிலை எப்படிப் பார்க்கிறார் என்பதன் வழியாகவும் தொடுகிறது. கண்டிப்பா மென்மையா என்பது அவ்வளவு பெரிய விசயமில்லை, என்னைக் கேட்டார்களா என்பதுதான்.

திருக்கோவில் ஓய்வு அதிபர்:
மகள், அதிபர் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனை ஒரு விபரத்தை இன்றைக்கே கேட்கும், பிரதி அதிபர் இருக்கமாட்டார், பெறுபேறு குறைந்தால் எல்லாரும் முதலில் அதிபரைத்தான் பார்ப்பார்கள். நானும் ஒரு வருடம் யாரையும் கேட்காமல் நேரசூசி போட்டேன், நேரம் மிச்சம் என்று நினைத்துத்தான். அந்த வருடம் எங்களுடைய மிக நல்ல விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை முறையிடவில்லை, அவர் போகும் நாளில்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

படிவத்தைக் கொடுக்க முதல் ஒருமுறை தனியே போய்க் கதையுங்கள். முறைப்பாடாக வேண்டாம். உங்களுடைய பிள்ளைகளின் கடந்த மூன்று வருட வரலாற்றுப் பெறுபேறுகளைக் கையில் கொண்டுபோங்கள். அடுத்த வருட நேரசூசி எழுத முதல் போக வேண்டும், எழுதி ஒட்டிவிட்டால் எந்த அதிபருக்கும் மாற்ற மனம் வராது.

வாவிக்கரை டீச்சர்:
நன்றி சேர். பெறுபேறுகள் என்னுடைய கொப்பியில் இருக்கின்றன, நாளைக்கு எழுதி எடுக்கிறேன். படிவம் இந்தத் தவணை முடியும்வரை பையிலேயே இருக்கட்டும்.