பேம்பரோ கோட்டை அகழாய்வில் தன்னார்வலராகச் சேர்வது குறித்து

கேள்வி – வடகரை

நான் நியூகாசில் நகரில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். தொல்லியல் படித்ததில்லை. இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்துக் கடற்கரையில் உள்ள பேம்பரோ கோட்டையைப் போன்ற ஓரிடத்தில், கோடை விடுமுறையின்போது அகழாய்வுத் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். முன்அனுபவம் இல்லாதவர்களுக்கு அங்கே என்ன வேலை தருவார்கள்? சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் கேட்கிறார்களே, அது முறைதானா?

மறுமொழி – மண்ணடுக்கு

வணக்கம். கரணையால் மண்ணை மெல்லச் சுரண்டுவது, சுரண்டிய மண்ணைச் சலிப்பது, கிடைத்த எலும்புகளையும் பானை ஓடுகளையும் கழுவி எண்ணிடுவது, மண்ணை நீரில் கரைத்துக் கருகிய தானியங்களை மிதக்கவைத்துப் பிரிப்பது ஆகியவற்றைப் புதியவர்களும் செய்யலாம். ஆனால் பதிவு செய்வதைத்தான் நீங்கள் முதலில் கற்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு மண்ணடுக்கின் நிறம், தன்மை, எதன்மேல் படிந்தது, எதனால் வெட்டப்பட்டது என்பவற்றை எழுதி, அளந்து, வரைந்து வைக்காவிட்டால், தோண்டிய இடத்தை மறுபடி படிக்க வழியே இல்லை.

இதற்குப் பேம்பரோவே சான்று. தொல்லியல் அறிஞர் பிரையன் ஹோப்-டெய்லர் 1960-களிலும் 1970-களிலும் அங்கே அகழ்ந்தார். ஆனால் முடிவுகள் முழுமையாக வெளிவரவில்லை. 2001-இல் அவர் மறைந்த பிறகுதான், அவர் வீட்டிலிருந்த பதிவுகளும் தொல்பொருள்களும் மீட்கப்பட்டன. 6 இரும்புப் பட்டைகளை முறுக்கி இணைத்து அடித்த, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரிய வாளும் அவற்றுள் இருந்தது. 1996-இல் தொடங்கிய பேம்பரோ ஆய்வுத் திட்டத்தினர் அந்தப் பழைய குழிகளையே மீண்டும் திறந்து, விடுபட்டதைத் தேடிப் பொருத்த வேண்டியதாயிற்று.

மறுமொழி – கடலோரன்

கோட்டைக்கு அருகே, மணல்மேடுகளுக்கு இடையிலிருந்த ‘போல் ஹோல்’ (Bowl Hole) என்னும் பழைய இடுகாட்டையும் அதே திட்டத்தினர் அகழ்ந்தார்கள். பற்களின் வேதியியல் ஆய்வு, அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் வேறு நிலங்களில் வளர்ந்தவர்கள் என்று காட்டியது. அவர்களின் எலும்புகள் 2016-இல் புனித ஏய்டன் தேவாலயத்தின் நிலவறையில் மரியாதையுடன் வைக்கப்பட்டன. மனித எச்சங்கள் கிடைக்கக்கூடிய இடத்திற்குச் செல்வதானால், மனத்தளவிலும் ஆயத்தமாக இருங்கள். வடகடல் காற்று கோடையிலும் குளிரும் என்பதால் மழைச்சட்டையும், முழங்கால் காப்பும், கனத்த காலணியும் தேவை.

மறுமொழி – ஏடும் ஓடும்

கட்டணம் முறைதான் என்பது என் கருத்து. நிபுணர் ஒருவர் அருகிருந்து கற்பிப்பதற்கும், கருவிகளுக்கும், பிந்தைய ஆய்வகப் பணிக்கும் அது செலவாகிறது. பணம் செலவிட விரும்பாவிட்டால், உங்கள் வட்டாரத் தொல்லியல் கழகத்தில் உறுப்பினராகலாம். ஆண்டுதோறும் கோடையில் பிரிட்டன் முழுவதும் நடைபெறும் தொல்லியல் விழாவிலும் பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகள் பல உண்டு. எதில் சேர்ந்தாலும், இவ்வாண்டு எந்தக் குழியில் வேலை, ஆய்வறிக்கையை எப்போது வெளியிடுவார்கள், கிடைக்கும் பொருள்கள் எங்கே பாதுகாக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாக விடை தராத குழுவில் சேர வேண்டாம்.