பெர்சனல் ஸ்பேஸ்: தனிவெளியா, அணுகெல்லையா?

> ‘தனிவெளி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது, சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வணக்கம் ஐயா. பிறர் நம்மை எவ்வளவு நெருங்கலாம் என்று நாம் வைத்திருக்கும் இடைவெளியைத்தான் ஆங்கிலத்தில் ‘பெர்சனல் ஸ்பேஸ்’ என்கிறார்கள்; நம் சொற்பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘தனிவெளி’ எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ‘தனிவெளி’ என்றதும் ஒரு அறையும் தாழ்ப்பாளும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. நாம் பெயர் தேடுவது ஆளோடு கூடவே நடந்து வருகிற, நேரம் பார்த்து விரிந்து சுருங்குகிற ஒன்றுக்கு.

இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தை மீன் கடையில் ஒரு அம்மா என் தோள்மேல் சாய்ந்து, கையை நீட்டிக் கொடுவாவின் செவுளைத் திறந்து பார்ப்பார். எனக்கு ஒன்றும் தோன்றாது. அதே அம்மா எங்கள் புளோக் மின்தூக்கியில், இரண்டே பேர் இருக்கும்போது அப்படி ஒட்டி நின்றால் கை தானாகப் பையை இறுக்கிக்கொள்ளும்.

இந்தப் பதற்றத்தில், மூளையில் அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதிக்குப் பங்கு உண்டு. 2009இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இருபுற அமிக்டலாவும் சிதைந்த ஒரு பெண்ணைச் சோதித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 76 செ.மீ. இடைவெளி தேவைப்பட்டது, அவருக்கு 34 செ.மீ. போதும். மூக்கோடு மூக்கு நின்றபோதும் அவர் சங்கடப்படவில்லை. ஆக, அது மீறினால் உறுத்துகிற ஒரு கோடு. ‘அணுகெல்லை’ என்கிறேன். ‘அணுகெல்லை மீறல்’ என்று நீட்டவும் வசதி.

> மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் சொன்ன 45 செ.மீ. (மிக நெருங்கியவர்களுக்கு), 1.2 மீட்டர் (நண்பர்களுக்கு) இடைவெளி அளவுகளையும் வரையறையில் சேர்ப்போம்.

வேண்டாம் அக்கா. அவை 1960களில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரைக் கவனித்து அவர் சொன்னவை. எல்லா ஊருக்கும் பொதுவென்று அவரே சொல்லவில்லை. காலை எட்டரைக்கு தோபி காட் நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறிப் பாருங்கள். முன்னால் நிற்பவரின் முதுகுப்பை மூக்கில் இடிக்கும். தள்ளி நிற்க வழியில்லை, அதனால் ஆளுக்கு ஆள் கண்ணைக் கைப்பேசிக்குள் விலக்கிக்கொள்கிறோம். அதுவும் எல்லையைக் காக்கிற வேலைதான். அங்கே ‘வெளி’ ஏது?

அப்புறம், ‘பாதுகாப்பு இடைவெளி’யை இதோடு குழப்ப வேண்டாம். 2020இல் ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னது கிருமிக்காக.

> அணுகெல்லை சரி தம்பி. ஆனால் என் மாணவர்கள் ‘அணு கெல்லை’ என்று படித்துவிட்டு, அணு உலை பற்றிய பாடமா என்று கேட்பார்கள்!

கேட்பார்கள்தான் ஐயா. ‘அணுகு எல்லை’ என்று பிரித்தே எழுதுவோம். மறுப்பில்லையென்றால் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.