பின்னேரம் சமைக்கேக்க 8 மாசப் பிள்ளைய எப்பிடிப் பராக்காட்டுறது?

வெள்ளவத்தை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில ஒரு பிளட்ல இருக்கிறம், நானும் அவரும் மகளும் மட்டும்தான், அம்மா யாழ்ப்பாணத்தில. மகளுக்கு இப்ப 8 மாசம், தனிய இருப்பா, தவழவும் தொடங்கீட்டா. பகல் முழுக்க தங்கமான பிள்ளை, ஆனா பின்னேரம் அஞ்சரை ஆகி நான் குசினிக்குள்ள போனா காணும், சிணுங்கத் தொடங்கீருவா.

நேற்று புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு நிக்கிறன், ரெண்டு கையிலயும் மா, அவ என்ர சட்டையப் பிடிச்சு எழும்பப் பாத்து சறுக்கி இருந்து ஒரே அழுகை, கை கழுவக்கூட நேரமில்லாம முழங்கையால அணைச்சுக்கொண்டு அப்பிடியே நிலத்தில இருந்திட்டன், மாவும் கட்டிபட்டுப் போச்சு. அவர் காலி வீதி ட்ராபிக்கில வந்து சேர ஏழரை ஆகும். ஒவ்வொரு நாளும் கடையில எடுக்கவும் கட்டாது.

ஃபோன்ல பாட்டுப் போட்டுக் குடுத்தா சத்தமில்லாம இருப்பா. ஆனா ஒரு வயசுக்குக் கீழ ஸ்கிரீனே வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னத வாசிச்சதில இருந்து மனசு கேக்குதில்ல. நீங்கள் எல்லாம் என்ன செய்யிறனீங்கள்?

கொட்டாஞ்சேனை_மாமி

பிள்ளை, அந்த நேரம் குழந்தைக்கும் களைப்பு, உங்களுக்கும் களைப்பு. அந்த நேரத்தில போய் முழுச் சமையலையும் ஏன் தொடங்கிறீங்க? காலையில அவ தூங்கிற நேரம் தேங்காயத் திருவி டப்பாவில போட்டு பிரீசர்ல வைங்க, வெங்காயம், பச்சமிளகா, கறிவேப்பிலை எல்லாம் வெட்டிக் கழுவி மூடி வைங்க. புட்டு மாவையும் பகலே குழைச்சி மூடி பிரிட்ஜ்ல வைக்கலாம், பின்னேரம் தேங்காய்ப்பூவக் கலந்து நீத்துப்பெட்டியில போட்டு அவிக்கிறது மட்டும்தான் மிச்சம்.

பருப்புக்கு குக்கரே வேணாம், அந்த விசில் சத்தத்துக்குத்தான் என்னட பேரன் அலறுவான். மைசூர் பருப்பு மஞ்சளோட சும்மா சட்டியில 20 நிமிசத்துக்குள்ள அவிஞ்சிரும். உப்பும் மிளகாயும் போட முந்தி குழந்தைக்கு ரெண்டு கரண்டி எடுத்து வைங்க, ஒரு வயசு வரைக்கும் உப்பு தேவையில்ல. அவட சாப்பாடும் அதிலேயே முடிஞ்சிரும்.

இன்னொண்டு, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம் போட்டா அஞ்சரைக்கு இவ்வளவு அழ மாட்டா, பாருங்க.

தெஹிவளை_ரெட்டைப்பிள்ளை

அக்கா எனக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்தில, அதால சொல்லுறன், விளையாட்டுச் சாமான் வாங்கிக் காசு செலவழிக்காதேங்கோ, அவைக்கு வேண்டியது நாங்கள் பிடிக்கிற சாமான்தான். குசினி வாசலில ஒரு பாய் போட்டு அடுப்புக்கு எட்டாத தூரத்தில, ஆனா உங்கட முகம் தெரியிற மாதிரி இருத்துங்கோ. முகம் தெரியாட்டித்தான் கூட அழுவினம். ஒரு நாளைக்கு மூண்டே மூண்டு சாமான் குடுங்கோ: எவர்சில்வர் கோப்பை, பெரிய மர அகப்பை, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. அடுத்த நாள் வேற மூண்டு. எல்லாத்தையும் ஒரேயடியாக் குடுத்தா அஞ்சு நிமிசத்தில சலிச்சுப் போகும். என்ர மகனுக்கு பழைய சுளகு ஒண்டு குடுத்தன், அதை நகத்தால பிராண்டி அந்தச் சத்தத்தக் கேட்டுக்கொண்டே நான் இடியப்பம் பிழிஞ்சு முடிக்கும்வரை இருந்தான்!

பருப்பு, கடலை மாதிரிச் சின்னச் சாமானுகள் மட்டும் கிட்டவும் வேண்டாம், தொண்டையில அடைக்கும்.

பிறகு கதையுங்கோ, விடாமக் கதையுங்கோ. "இது கறிவேப்பிலை, மணந்து பார் குஞ்சு", "இப்ப அம்மா கடுகு போடப்போறன், டப் டப் எண்டு வெடிக்கும்" எண்டு சொல்லிச் சொல்லிச் செய்தா சத்தத்துக்கும் பயப்பிட மாட்டா. அவிச்ச பூசணித் துண்டு விரல் நீளத்தில ஒண்டு கையில குடுத்தா இன்னும் பத்து நிமிசம் கிடைக்கும், நிலத்தைப் பிறகு துடைக்கலாம்.

ரெண்டு_பிள்ளைகளின்ர_அப்பா

எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கிறீங்கள், ஒண்டே ஒண்டு நானும் சொல்லோணும். பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு அடுப்படியில நிக்காதேங்கோ, எவ்வளவு அழுதாலும். என்ர மூத்தவன் ஒம்பது மாசத்தில, நான் தூக்கி வைச்சிருக்கேக்கதான், மேசையில இருந்த பிளேன்டீக்குள்ள கையப் போட்டவன். ஒரு செக்கன்தான். பைப்பத் திறந்து 20 நிமிசம் தண்ணியில பிடிச்சம், பக்கத்து வீட்டில பற்பசை பூசச் சொல்லிச்சினம், பூசேல்ல, நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். தழும்பு இல்லை, ஆனா அந்த அழுகை இப்பவும் என்ர காதில நிக்குது. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, நம்பர பிரிட்ஜ்ல எழுதி ஒட்டுங்கோ.

சட்டிக் கைபிடி சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கோணும். பிளட் குசினியில 12.5 கிலோ சிலிண்டர் கீழதான் நிக்கும், தவழுற பிள்ளைக்கு ரெகுலேட்டர் கைக்கெட்டும், அதால முன்னுக்கு ஏதாவது மறைப்பு வையுங்கோ.

உங்கட அவர் லேட்டா வந்தாலும் காலையில தேங்காய் திருவுறது அவரின்ர வேலையா இருக்கட்டும். எங்கட வீட்டில அது என்ர வேலைதான்.

வெள்ளவத்தை_அம்மா

எல்லாருக்கும் நன்றி, வாசிக்க வாசிக்க கண் கலங்கீட்டுது. நாலு நாளாச் செய்து பாக்கிறன். அவர் காலமை தேங்காய் திருவித் தந்திட்டுத்தான் போறார். பாய் வாசலில, சிலிண்டருக்கு முன்னால அரிசி வாளி. மகளுக்குப் பிடிச்சது அந்த அகப்பைதான், கோப்பையில அடிச்சிட்டு என்ர முகத்தப் பாப்பா, நான் "ஓ!" எண்டா திருப்பி அடிப்பா. நேற்று சொதி கொதிச்சு முடியிற வரைக்கும் இப்பிடித்தான். இண்டைக்கு ஆறே முக்காலுக்கு அழத் தொடங்கினவ, அடுப்ப நிப்பாட்டிட்டுத் தூக்கினன், புட்டு அவியிறத அவர் வந்து பாத்தவர்.

மாமி, திருவின தேங்காய் பிரீசர்ல எத்தினை நாளைக்கு வைக்கலாம்?

கொட்டாஞ்சேனை_மாமி

நான் ஒரு கிழமைக்கு மேல வைக்கிறதில்ல பிள்ளை. ஒரு நாளுக்குத் தேவையானத தனித்தனிப் பையில போட்டு வைங்க, முழுக்கட்டியா உறைஞ்சா உடைக்க ஏலாது.